வெப்பமண்டலப் பூச்செடிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெலிகோனியா, அந்தூரியம், ஆர்க்கிட் என்று வளர்க்க ஆரம்பித்து 15 வருடம் ஆகிறது. தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்களும் சரி, வாடிய இலையைப் படம் பிடித்து அனுப்பி "இது ஏன் இப்படி?" என்று கேட்கிறவர்களும் சரி, சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளுக்குத்தான் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

எக்ஸாட்டிக் பூ, எக்ஸாட்டிக் பூ என்கிறார்களே, எதெல்லாம் அதில் வரும்?

தாவரவியலில் அப்படி ஒரு வகை இல்லை. வேற்று மண்ணிலிருந்து வந்தது என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். பேச்சு வழக்கில், பெரிய இலை, அழுத்தமான நிறம், பார்த்தவுடன் "இது என்ன பூ?" என்று கேட்கவைக்கும் உருவம் இருந்தால் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. ஹெலிகோனியா, அந்தூரியம், ஆர்க்கிட், இஞ்சிக் குடும்பத்து டார்ச் ஜிஞ்சர், அன்னாசிக் குடும்பத்துப் புரொமீலியாட், பாலைவன ரோஜா என்கிற அடினியம், ஈழத்தலரி என்கிற பிளூமேரியா, பேர்ட் ஆஃப் பாரடைஸ் எல்லாம் இதில் அடக்கம். வேடிக்கை என்னவென்றால், கடைசியாகச் சொன்னது வெப்பமண்டலச் செடியே கிடையாது. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரம் வளர்வது. ஆள் மட்டும் வெப்பக்காட்டு ஆள் மாதிரி இருப்பான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். இவற்றில் பலவற்றில் நாம் "பூ" என்று ரசிப்பது இதழே இல்லை. ஹெலிகோனியாவின் சிவப்பு மூக்குகள், அந்தூரியத்தின் பளபளப்பான இதய வடிவம், போகன்வில்லாவின் வண்ணக் காகிதம் எல்லாம் நிறம் மாறிய இலைகள். தென்னையில் பாளை என்கிறோமே, அந்த இனம். நிஜப் பூ அதற்குள்ளோ நடுவிலோ சின்னதாக ஒளிந்திருக்கும். இதழ் சீக்கிரம் வாடும். பாளை வாரக்கணக்கில் நிற்கும். இந்தச் செடிகளின் பூ "ரொம்ப நாள் வருகிறது" என்பதன் ரகசியம் அதுதான்.

இதெல்லாம் நோஞ்சான் செடி, நம் கைக்கு வராது என்கிறார்களே, நிஜமா?

காட்டில் யாரும் இவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை, உரம் வைப்பதில்லை. மரத்துக்கு மரம் போட்டிபோட்டு வளர்கிறவை. நோஞ்சான் என்று பெயர் வாங்கித் தந்தது நாம்தான், இடம் மாற்றி வைத்து.

நான் எந்தச் செடியை வாங்கினாலும் முதலில் கேட்பது ஒரே கேள்வி: இது எந்த மாதிரி இடத்தில் பிறந்தது? கணக்குப் போட்டால் நாலே நாலு வீடுகள்தான். முதலாவது மரக்கிளை. பெரும்பாலான ஆர்க்கிட்டுகள், புரொமீலியாட்டுகள், அந்தூரியத்தில் பல வகைகள் அங்கே தொற்றிக்கொண்டு வளர்கின்றன. இரண்டாவது, மழைக்காட்டின் ஓரமும் ஓடைக்கரையும். ஹெலிகோனியாவும் இஞ்சிக் குடும்பமும் அங்கே. மூன்றாவது ஈரச் சதுப்பு; கல்வாழை அங்கே. நான்காவது வறண்ட பாறைச்சரிவு; அடினியமும் பிளூமேரியாவும் அந்த ஊர்க்காரர்கள். செடியின் வீடு தெரிந்துவிட்டால் மண், தண்ணீர், வெயில் மூன்றையும் நீங்களே ஊகித்துவிடலாம். கீழே பல பதில்களில் "நாலு வீடு" என்று சொல்லும்போது இதைத்தான் சொல்கிறேன்.

முதல் தடவை வாங்கப் போகிறேன். எதில் ஆரம்பிக்கலாம்?

கல்வாழை. சிலர் முகம் சுளிப்பார்கள், "அது சாலையோரச் செடியாயிற்றே" என்று. வாழையிலை மாதிரி இலை, செம்பழுப்பு நிறத்தில் இலை விடும் ரகங்கள், நெருப்பு நிறப் பூ, இவ்வளவையும் முதல் வருடமே தருகிற செடி வேறு எது? நாலு தப்பு செய்தாலும் மன்னித்துவிடும்.

அடுத்ததாகக் கிளி ஹெலிகோனியா, அதாவது ஹெலிகோனியா சிட்டகோரம். அதன் பெயரிலேயே கிளி இருக்கிறது. தண்ணீர் ஊற்ற மறக்கிறவராக இருந்தால் அடினியம். ஆர்க்கிட்தான் வேண்டும் என்றால், வெப்பமான ஊருக்கு டென்ட்ரோபியம், வீட்டுக்குள் ஜன்னலோரத்துக்கு ஃபலனாப்சிஸ்.

எனக்கு பால்கனியும் நாலு தொட்டியும்தான். அதில் என்ன வரும்?

அந்தூரியம், ஆர்க்கிட், புரொமீலியாட், அடினியம், குட்டை ரகக் கிளி ஹெலிகோனியா எல்லாம் தொட்டியில் சந்தோஷமாக இருக்கும். ஹெலிகோனியாவுக்கு 14 அங்குலத்துக்குக் குறையாத அகலத் தொட்டியாக வையுங்கள். அது கீழே போகாமல் பக்கவாட்டில் ஓடும்.

டார்ச் ஜிஞ்சரைத் தொட்டியில் வைக்க ஆசைப்பட வேண்டாம். இலைத் தண்டு 5 மீட்டரைத் தாண்டும், பூ மட்டும் தனித் தண்டில் தரையிலிருந்து கிளம்பும். தொங்கும் ஹெலிகோனியா ராஸ்ட்ராட்டாவும் ஆளுயரத்தைத் தாண்டிவிடும். இரண்டும் தரைக்குத்தான். பால்கனியில் இன்னொரு எதிரி காற்று. பெரிய இலைகளைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துவிடும். செடிக்கு அதனால் பெரிய பாதிப்பில்லை, நமக்குத்தான் பார்க்கச் சகிக்காது.

வெயிலில் வைக்கலாமா, நிழலில் வைக்கலாமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஆளுக்கு ஒன்று சொல்வது சரிதான், செடிக்கு ஒன்று என்பதால். பாறைச்சரிவுக்காரர்களுக்கு நாள் முழுக்க வெயில். கல்வாழைக்கும் அப்படியே. ஹெலிகோனியாவுக்குக் காலை வெயில் நன்றாகக் கிடைத்து, உச்சிவெயில் வடிகட்டி விழுந்தால் போதும். அந்தூரியத்துக்கு நேர்வெயில் ஆகாது, ஆனால் வெளிச்சம் வேண்டும். "ஆர்க்கிட் என்றால் நிழல்" என்பது பாதி உண்மை: ஃபலனாப்சிஸ் நிழல் விரும்பி, வாண்டா நல்ல வெளிச்சம் இல்லாமல் பூக்காது.

ஆர்க்கிட்டில் இலையே பதில் சொல்லும். கரும்பச்சையாகக் கொழுகொழுவென்று இருந்தால் வெளிச்சம் போதவில்லை, பார்க்க அழகு, பூ வராது. சற்று மஞ்சள் கலந்த பச்சைதான் நாம் தேடும் நிறம். இடம் மாற்றும்போது ஒரே நாளில் நிழலிலிருந்து வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 10, 15 நாள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஒரே மதியத்தில் வெந்துபோன இலை பிறகு தேறாது.

மண் கலவை என்ன விகிதம்?

ஒரே கலவையை எல்லாத் தொட்டிக்கும் நிரப்புவதால்தான் பாதிச் செடிகள் போகின்றன. மரக்கிளைக்காரர்களுக்கு மண்ணே வேண்டாம். ஆர்க்கிட்டுக்கு மரப்பட்டைத் துண்டு, மரக்கரி, ஓட்டுச் சில்லு. அந்தூரியத்துக்கு அதோடு தேங்காய் நார்த்தூளும் கொஞ்சம் மட்கிய இலையும். கையில் எடுத்து அழுத்தினால் உருண்டை பிடிக்கக் கூடாது, அதுதான் கணக்கு.

ஹெலிகோனியாவுக்கும் இஞ்சி வகைக்கும் தோட்ட மண், மட்கிய எரு, நார்த்தூள் மூன்றும் சம அளவு. பாறைச்சரிவுக்காரர்களுக்குப் பாதிக்குப் பாதி பருமணலோ சிறு ஜல்லியோ. கல்வாழைக்கு எந்த மண்ணும் சரி.

தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், அப்படியும் செடி வாடுகிறதே?

"அப்படியும்" இல்லை, பெரும்பாலும் அதனால்தான். தொட்டிச் செடிகளில் தாகத்தால் போனதைவிட அழுகிப் போனதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வேர் அழுகினால் தண்ணீரை இழுக்க முடியாது, இலை வாடும். நாம் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்ப்பதே வழி. பழுப்பாகக் குழைந்திருப்பதை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கலவையில் வையுங்கள்.

இலை நுனி மட்டும் கருகினால் கதை வேறு. உப்புத் தண்ணீர் அல்லது உரம் மிகுந்து தொட்டியில் படிந்திருக்கலாம். மாதம் ஒருமுறை தொட்டியின் அடியில் வழிந்து ஓடும்வரை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். மழைநீர் பிடித்து வைக்க முடிந்தால், ஆர்க்கிட்டுக்கும் அந்தூரியத்துக்கும் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

நர்சரியில் பூவும் மொட்டுமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு மொட்டுகூட இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை. அங்கே நிழல்வலை, அளந்து வரும் ஈரப்பதம், அளந்து வரும் உரம். நம் வீடு அதற்கு வேறு உலகம். வந்தவுடன் இருந்த மொட்டை உதிர்த்துவிட்டு, புதிய இடத்துக்கு ஏற்ற இலைகளை முதலில் செய்துகொள்ளும். இதற்குச் சில மாதங்கள் ஆகும். இந்த நேரத்தில் தினம் ஒரு இடம் மாற்றி வைப்பதும் உரத்தைக் கொட்டுவதும்தான் நாம் செய்யும் தப்பு.

நானும் செய்திருக்கிறேன். முதன்முதலில் மூன்று அந்தூரியம் வாங்கி, வந்த அன்றே தொட்டி மாற்றி, எரு வைத்து, வெயிலில் வைத்தேன். ஒன்று மட்டும் பிழைத்தது. இப்போதெல்லாம் புதுச் செடியை இரண்டு வாரம் மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி, நிழலான ஒரே இடத்தில் வைத்துவிட்டுத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறேன். பூச்சி ஏதாவது கூடவே வந்திருந்தாலும் அதற்குள் தெரிந்துவிடும்.

பேர்ட் ஆஃப் பாரடைஸ் மூன்று வருடமாக இலை மட்டும்தான் விடுகிறது. பூக்கவைக்க ஏதாவது மருந்து உண்டா?

மருந்து பொறுமைதான், ஆனால் அதற்கு முன் நாலு விஷயம் பாருங்கள். விதையிலிருந்து வந்ததா? அப்படியானால் 3 முதல் 5 வருடம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். ஆறு மணி நேர வெயில் கிடைக்கிறதா? நிழலில் இலை கம்பீரமாக இருக்கும், பூ வராது. கிழங்கின் கழுத்து மண்ணுக்குள் ஆழப் புதைந்திருக்கிறதா? மேலே கொண்டுவாருங்கள். வருடா வருடம் பிரித்து நடுகிறீர்களா? ஒவ்வொரு பிரிவும் பூவைப் பின்னால் தள்ளும். தொட்டியை வேர் முட்டிக்கொண்டு நிற்கும் நெருக்கம் இதற்குப் பிடிக்கும்.

இத்தனையும் சரி என்றால், உங்களிடம் இருப்பது வேறு செடியோ என்று சந்தேகப்படுங்கள். வெள்ளைப் பூ பூக்கும் ஸ்ட்ரெலிட்சியா நிக்கோலாய் என்ற பெரிய அண்ணன் ஒருவன் உண்டு. கன்றாக இருக்கும்போது அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். அது நன்றாக உயர்ந்து வளர்ந்த பிறகுதான் பூவைப் பற்றி யோசிக்கும். வாழையிலை மாதிரி அகலமாக இலை வந்தால் அவன்தான்.

பூ வந்ததும் அந்த நீல நிற அம்பை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். பிளந்து உள்ளிருக்கும் மகரந்தம் வெளியே வரும். சொந்த ஊரில் தூக்கணாங்குருவி இனத்துப் பறவை அதன் மேல் உட்கார்ந்து தேன் குடிக்க, அதன் காலில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது.

ஹெலிகோனியாவில் பூத்த தண்டெல்லாம் காய்ந்து போகிறது. செடி சாகிறதா?

வாழை குலை தள்ளிய பிறகு தாய்மரத்தை என்ன செய்வோம்? அதேதான். ஹெலிகோனியா வாழைக்குத் தூரத்துச் சொந்தம். ஒரு தண்டு ஒரு முறைதான் பூக்கும். பூத்து முடிந்ததும் தரையோடு வெட்டிவிடுங்கள், பக்கக்கன்றுகளுக்கு வெளிச்சம் கிடைக்கும். வெட்டாமல் விட்டால் புதர் மூச்சு முட்டிப் பூ குறைந்துவிடும்.

இரண்டு மூன்று வருடத்தில் நடுவில் வெற்றிடமும் ஓரத்தில் கன்றுகளுமாக வளையம் போல ஆகும். அப்போது தோண்டிப் பிரித்து நடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு தண்டும் ஒரு முளையும் இருக்க வேண்டும். நட்டவுடன் தண்டைப் பாதியாக வெட்டிவிட்டால் நீரிழப்பு குறையும்.

அந்தூரியத்தின் சிவப்புப் பூ பச்சையாக மாறிவிட்டது. நோயா?

வயது. முதல் பதிலில் சொன்னபடி அது இதழ் இல்லை, இலை. இலைக்குப் பச்சைக்குத் திரும்பும் குணம் உண்டு. இரண்டு மாதம் நின்று ஓரத்திலிருந்து பச்சையானால் இயல்பு, வெட்டி எடுத்துவிடலாம். புதிதாக வருவதே பச்சையோடு வந்தால் வெளிச்சம் குறைவு என்று அர்த்தம். பச்சை நிறத்திலேயே பூக்கும் ரகங்களும் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆர்க்கிட் வேர்கள் தொட்டிக்கு வெளியே அசிங்கமாகத் தொங்குகின்றன. வெட்டிவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். மரக்கிளை வீட்டுக்காரனுக்கு வேர் காற்றில் இருப்பதுதான் இயல்பு. வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு போன்ற உறை ஒன்று இருக்கும், மழை பட்டவுடன் உறிஞ்சிக்கொள்ள. காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம், நனைந்ததும் பச்சை. எனக்கு இதுவே தண்ணீர் ஊற்றும் கடிகாரம்: எல்லா வேரும் வெள்ளியானால் ஊற்று, பச்சையாக இருந்தால் சும்மா இரு. குழைந்து பழுப்பானதை மட்டும் வெட்டலாம்.

மரப்பட்டை இரண்டு வருடத்தில் மட்கித் தூளாகும். அப்போது கலவையை மாற்றுங்கள், பூ இல்லாத நேரம் பார்த்து.

இலை நன்றாக இருக்கிறது, வேர் நன்றாக இருக்கிறது, ஃபலனாப்சிஸ் மட்டும் இரண்டாம் முறை பூக்கவே மாட்டேன் என்கிறது.

வெளிச்சம் பற்றி மேலே சொன்னதைச் சரிபார்த்துவிட்டீர்கள் என்றால் மிச்சம் வெப்பம்தான். இரவும் பகலும் 28 டிகிரிக்கு மேலேயே இருந்தால் ஃபலனாப்சிஸ் இலைக்கு மேல் இலை விட்டுக்கொண்டே இருக்கும். சில வாரங்களாவது குளிர்ச்சி பட்டால்தான் பூந்தண்டு எடுக்கும். வருடத்தில் குளிர்ந்த மாதங்களில் இரவில் காற்றோட்டமான ஜன்னலோரத்துக்கு மாற்றிப் பாருங்கள். எப்போதும் வெக்கையான ஊர் என்றால் இதோடு மல்லுக்கட்டாமல் டென்ட்ரோபியம், வாண்டா பக்கம் போய்விடுவது நிம்மதி.

புரொமீலியாட் பக்கத்தில் ஆப்பிள் வைத்தால் பூக்குமாமே, கதையா?

கதை இல்லை. பழுக்கும் ஆப்பிள் எத்திலீன் வாயுவை விடும். புரொமீலியாட்டுக்கு அதுதான் பூக்கச் சொல்லும் சமிக்ஞை. நடுக்குழியில் இருக்கும் தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, பழுத்த ஆப்பிளோடு சேர்த்துச் செடியைப் பிளாஸ்டிக் பையால் மூடி, நிழலில் 7 முதல் 10 நாள் வையுங்கள். அப்புறம் பையை எடுத்துவிட்டு வழக்கம்போலப் பார்த்துக்கொள்ளுங்கள். சில வாரங்களில் நடுவில் நிறம் ஏறத் தொடங்கும். வளர்ந்த செடிக்கு மட்டுமே இது. குட்டிச் செடியை அவசரப்படுத்தினால் பூவும் குட்டியாகத்தான் வரும்.

பூத்த பின் தாய்ச்செடி மெல்ல மடியும், ஹெலிகோனியாத் தண்டைப் போல. கன்றுகள் தாயின் பாதி உயரம் வரும்வரை பிரிக்காதீர்கள். திறந்த இடத்தில் வைத்திருந்தால், நடுக்குழித் தண்ணீரை வாரம் ஒருமுறை புதிதாக ஊற்றி வழியவிடுங்கள். கொசுப்புழுவுக்கு அதைவிட வசதியான கிண்ணம் கிடையாது.

இணையத்தில் நீல ஆர்க்கிட் விதை, வானவில் ஆர்க்கிட் விதை என்று விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், உள்ளே சேமித்த உணவு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சையின் துணையோடுதான் முளைக்கும். 1922-இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, சர்க்கரை கலந்த ஊட்டக் கூழில் பூஞ்சை இல்லாமலே முளைக்கவைக்கலாம் என்று காட்டினார். இன்றுவரை ஆய்வகங்களில் நடப்பது அந்த வழிதான். தொட்டி மண்ணில் தூவி வருவதில்லை. ஆகவே உங்களுக்கு வரும் பொட்டலத்தில் கடுகு அளவு விதை இருந்தால் அது ஆர்க்கிட்டே இல்லை. எனக்கு ஒருமுறை வந்தது கீரை விதையாக முளைத்தது.

கடையில் பார்க்கும் பளீர் நீல ஃபலனாப்சிஸ், வெள்ளைப் பூச்செடியின் தண்டில் சாயம் ஏற்றியது. அடுத்த முறை வெள்ளையாகத்தான் பூக்கும். செடி நல்ல செடிதான், நிறத்துக்காக வாங்க வேண்டாம்.

பிளூமேரியாக் கிளையை உடைத்து நட்டேன், அழுகிவிட்டது. அடினியமும் அப்படியே.

உடைத்த கையோடு நட்டிருப்பீர்கள். நாலு வீட்டில் இவை பாறைச்சரிவு வீடு, ஈரக் காயம் தாங்காது. ஒரு முழ நீளக் கிளையை வெட்டி, இலைகளை நீக்கி, பால் வடிந்த பிறகு நிழலில் ஒரு வாரம், இரண்டு வாரம் சும்மா போடுங்கள். வெட்டுவாய் உலர்ந்து தோல் மூடிய பிறகு மணற்பாங்கான கலவையில் நட்டு, துளிர் வரும்வரை தண்ணீரைக் கஞ்சத்தனமாகக் கொடுங்கள்.

அடினியக் கிளையும் வேர் பிடிக்கும், ஆனால் எல்லோரும் ஆசைப்படும் அந்தப் பருத்த அடித்தண்டு விதைச் செடியில்தான் அழகாக வரும். இதன் விதை எளிதாக முளைக்கும், ஆர்க்கிட் மாதிரி இல்லை.

தட்டு அளவுக்குப் பூக்கும் கலப்பினச் செம்பருத்தி வாங்கினேன். இப்போது சின்னச் சிவப்புப் பூவாகப் பூக்கிறது. மண் கோளாறா?

இது நல்ல புதிர். வெயில், வெப்பம் மாறும்போது கலப்பினச் செம்பருத்தியின் நிறம் சற்றுக் கூடிக் குறைவது சகஜம். ஆனால் பூவின் அளவும் இலையின் வடிவமும் மொத்தமாக மாறினால் ஒட்டுச்செடியின் அடிக்கன்று மேல்செடியை விழுங்கிவிட்டது என்று பொருள். இந்த ரகங்களின் வேர் பலவீனமாக இருப்பதால் முரட்டு ரகம் ஒன்றின் மேல் ஒட்டுக் கட்டுகிறார்கள். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிரை அவ்வப்போது கிள்ளாவிட்டால், வீட்டுக்கு வாடகைக்கு வந்தவன் சொந்தக்காரனைத் துரத்திய கதைதான்.

தண்டில் தடித்த முடிச்சைத் தேடுங்கள். அதற்கு மேலே உயிருள்ள கிளை ஏதாவது மிஞ்சியிருந்தால், கீழேயிருந்து வந்ததை எல்லாம் அடியோடு வெட்டுங்கள். மேலே எதுவும் இல்லையென்றால் சின்னச் சிவப்புப் பூவை ரசிக்க வேண்டியதுதான்.

என்ன உரம், எப்போது?

ஹெலிகோனியா, இஞ்சி வகை, கல்வாழை மூன்றும் பெருந்தீனிக்காரர்கள். வளரும் காலத்தில் மாதம் ஒரு கை எரு தாராளமாகத் தரலாம். ஆர்க்கிட்டுக்குப் பொட்டலத்தில் போட்டிருப்பதில் கால் பங்கு வீரியம், வாரம் ஒருமுறை. செம்பருத்திக்கு "பூ உரம்" என்று பாஸ்பரஸ் மிகுந்ததைக் கொட்டாதீர்கள், அதற்கு ஆகாது, பொட்டாசியம்தான் தேவை. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு, பெரும்பாலும் காரத்தன்மையுள்ள தண்ணீரால் வருவது.

வெள்ளையாகப் பஞ்சு பஞ்சாக ஒட்டியிருக்கிறது. என்ன அடிக்கலாம்?

மாவுப்பூச்சி. நாலைந்து இடம் என்றால் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள், மருந்தே வேண்டாம். பரவியிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கலப்பதற்குச் சில துளி சோப்புக் கரைசல், சாயங்காலம் மட்டும், வாரம் ஒருமுறை, மூன்று வாரம். வெயிலில் அடித்தால் இலை கருகும். எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். எறும்பு மாவுப்பூச்சியை மாடு மாதிரி மேய்க்கும், எறும்பை நிறுத்தாமல் பூச்சி நிற்காது.

இலையின் அடியில் மெல்லிய வலையும் மேலே வெளிறிய புள்ளிகளும் இருந்தால் சிலந்திப் பேன். வறண்ட காற்றில் வரும். இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதே பாதி வைத்தியம்.

வீட்டில் கைக்குழந்தையும் பூனையும் உண்டு. எது ஆபத்து?

இதை மட்டும் அலட்சியமாகப் படிக்காதீர்கள். செங்காந்தளின் எல்லாப் பாகமும் விஷம், கிழங்கு கொடியது. அதிலிருக்கும் கால்சிசின் உயிரைக் குடிக்கும். வேறு கிழங்கு என்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. தலைகீழாகத் தொங்கும் எக்காளம் போன்ற புரூக்மான்சியா, ஊமத்தையின் உறவு. அதே மாதிரி நஞ்சு. அடினியத்தின் சாற்றை ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவியிருக்கிறார்கள், அது இதயத்தைத் தாக்கும். அந்தூரியம் கடித்தால் வாயும் தொண்டையும் எரியும், உள்ளே ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். உயிருக்கு அவ்வளவு ஆபத்தில்லை, அவதி அதிகம்.

பூனை இருந்தால் லில்லிப் பூவை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். மகரந்தத்தை நக்கினால்கூடச் சிறுநீரகம் செயலிழக்கும். ஃபலனாப்சிஸ், புரொமீலியாட், செம்பருத்தி இருக்கும் வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம்.

நட்டால் தோட்டத்தையே பிடித்துவிடுமா?

சிலது பிடிக்கும். கிளி ஹெலிகோனியா வேலிக்கு அடியில் புகுந்து பக்கத்து வீட்டில் தலைகாட்டும். நான் தரைக்குள் ஒன்றரை அடி ஆழத்துக்குத் தகடு இறக்கியிருக்கிறேன். மஞ்சள் பூ பூக்கும் ஹெடிகியம் கார்ட்னேரியானம் என்ற இஞ்சி வகை ஹவாயிலும் நியூசிலாந்திலும் காட்டையே மூடிக்கொண்டு தலைவலியாகியிருக்கிறது. காட்டோரமோ ஓடையோரமோ வீடு என்றால், உங்கள் பகுதியில் எது தடை செய்யப்பட்டது என்று பார்த்துவிட்டு நடுங்கள். கழித்துப்போட்ட கிழங்கை ஓடையில் வீசாதீர்கள்.

நாங்கள் இருக்கும் ஊரில் குளிர்காலத்தில் உறைபனி விழும். ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?

விட வேண்டாம், கூட்டணியை மாற்றுங்கள். கல்வாழை இலை பனியில் கருகியதும் கிழங்கைத் தோண்டி, உலர்ந்த நார்த்தூளில் உறையாத இடத்தில் வைத்து, வசந்தத்தில் நடலாம். மூசா பாஸ்ஜூ என்ற வாழை, மேலே தழை போர்த்திவிட்டால் கிழங்கில் உயிரை வைத்துக்கொண்டு மறு வருடம் எழும். பூ தருவது ஒன்றிரண்டு இருந்தாலே போதும், வெப்பக்காட்டுத் தோற்றத்தில் பாதி வேலை இலையுடையது.

பிளூமேரியாவும் அடினியமும் குளிரில் இலை உதிர்த்துத் தூங்கும். தொட்டியோடு உள்ளே எடுத்து வைத்து வசந்தம்வரை தண்ணீரை நிறுத்துங்கள். ஹெலிகோனியாதான் கஷ்டம், 10 டிகிரிக்குக் கீழே போனால் அடிவாங்கும். கண்ணாடி அறை இல்லாதவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

வெட்டிக் குவளையில் வைத்தால் எத்தனை நாள் வரும்?

பாளை வகை நிறைய நாள் வரும்: அந்தூரியம் இரண்டு மூன்று வாரம், ஹெலிகோனியா ஒரு வாரம், சில ரகங்கள் அதற்கு மேலும். காலையில் வெட்டுங்கள். ஹெலிகோனியா வெட்டிய பிறகு மேலும் விரியாது, எனவே எந்த நிலையில் பார்க்க ஆசையோ அந்த நிலையில் வெட்ட வேண்டும். குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், கருத்துவிடும். செம்பருத்திக்குத் தண்ணீர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் பெரும்பாலும் ஒரு நாள்தான்.

பிரம்ம கமலம் மொட்டு விட்டிருக்கிறது. எப்போது பூக்கும் என்று எப்படித் தெரியும்? நாங்கள் இரண்டு முறை தவறவிட்டோம்.

முதலில் ஒரு திருத்தம். வீட்டில் நாம் பிரம்ம கமலம் என்று சொல்வது எபிஃபில்லம் ஆக்ஸிபெட்டாலம், மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த கள்ளிச்செடி. இமயமலை உச்சியில் பூக்கும் பிரம்ம கமலம் முற்றிலும் வேறு, சூரியகாந்திக் குடும்பத்தது. உங்கள் செடியும் மரக்கிளை வீட்டுக்காரன்தான். இலை போலத் தெரிவது தட்டையான தண்டு, அதில் ஒரு துண்டை நட்டாலே வரும்.

மொட்டு முதலில் கீழே தொங்கும். பெரிதாகும்போது காம்பு வளைந்து, அன்னத்தின் கழுத்து மாதிரி மேலே நிமிரும். நுனி பருத்து வெளிப்பக்க இதழ்கள் விலகி நிற்கிற நாள் சாயங்காலம், நுனியில் விரல் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தால் அன்று இரவுதான். இருட்டிய பிறகு விரிய ஆரம்பித்து நள்ளிரவை ஒட்டி முழுதாக நிற்கும். விடியும்போது தலை தொங்கிவிடும். மொட்டு வந்த பிறகு தொட்டியைத் திருப்பாதீர்கள், இடம் மாற்றாதீர்கள், உதிர்த்துவிடும். அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தூங்கிவிட்டாலும் வாசனை எழுப்பலாம், ஆனால் அதை நம்பித்தான் நான் ஒரு வருடம் தவறவிட்டேன்.